லைன் கைமாறும் தேதி

விற்பனைப் பகுதியைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பது நம் வியாபாரத்துக்குப் புதிய விஷயம் அல்ல. கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே, திங்கள் ஆலங்குளம், செவ்வாய் சுரண்டை, புதன் கடையநல்லூர் என்று லைன் பிரித்து, ஒவ்வொரு லைனுக்கும் ஓர் ஆளை அனுப்பி ஆர்டர் எடுத்து, அடுத்த வாரம் வசூல் பார்த்தவர்கள்தாம் நம் மொத்த வியாபாரிகள். எந்தக் கடை யாருடைய லைன் என்பது முதலாளியின் மனதில் இருந்தது. அது என்றைக்குக் கைமாறியது என்பதும் அவர் மனதிலேயே இருந்தது. சந்தேகம் வந்தால் குறிப்பேட்டைப் புரட்டினால் போதும். மை மாறியிருக்கும், கையெழுத்து மாறியிருக்கும், விவரம் தெரிந்துவிடும்.

இப்போது அந்த விவரம் மென்பொருளுக்குள் போய்விட்டது. வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருள், சுருக்கமாக சி.ஆர்.எம். என்பார்கள், பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் போயிற்று. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் இந்த மென்பொருளை இணையத்தின் வழியே வாடகைக்குக் கொடுத்தது. நம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, 2005 முதல் தன் சி.ஆர்.எம். மென்பொருளை விற்று வருகிறது. கம்பெனிகள் தங்கள் விநியோகஸ்தர்களின் சேல்ஸ்மேன்கள் கையிலும் போன் வழியே ஆர்டர் எடுக்கும் செயலியைக் கொடுத்துவிட்டன. இவை எல்லாவற்றிலும் லைன் பிரிக்க வசதி இருக்கிறது. ஆனால் லைனைப் பிரித்த நாம், பிரித்த தேதியை ஒழுங்காகப் பதிகிறோமா என்பதுதான் கேள்வி. அதைப் பதியாததால் சேல்ஸ்மேனின் கூலியும், நம் வசூலும், கடைக்காரரின் நம்பிக்கையும் ஒருங்கே கெடுகின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பெயரை அழித்து எழுதினால்

பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். ஆலங்குளம் லைனில் ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். மாத நடுவில் அவரை வேறு லைனுக்கு மாற்றுகிறோம். அலுவலகத்தில் இருக்கும் பையன் மென்பொருளைத் திறந்து, பழையவர் பெயரை எடுத்துவிட்டுப் புதியவர் பெயரைப் போடுகிறான். வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறோம்.

ஆனால் மென்பொருளுக்கு நேற்று, இன்று என்ற பேதம் நாம் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். பெயரை அழித்து எழுதினால், பல மென்பொருள்களில் அந்த லைனின் பழைய விற்பனையும் புதியவர் பெயருக்குப் போய்விடும். போன மாத அறிக்கையை மறுபடி எடுத்தால், அன்று வேலையிலேயே சேராத ஒருவர் இரண்டு லட்சம் விற்றதாகக் காட்டும்.

இதற்குள்ள பரிகாரம் எளிமையானது. பழைய வரியை அழிக்கக் கூடாது. 'இன்ன தேதி வரை' என்று அதை முடித்துவிட்டு, 'இன்ன தேதி முதல்' என்று புதிய வரியைத் திறக்க வேண்டும். இதைத்தான் மென்பொருள்காரர்கள் அமலாகும் தேதி என்கிறார்கள். டாலியில் விலைப்பட்டியல் போடும்போது 'எந்தத் தேதி முதல்' என்று கேட்கிறதே, அதே தத்துவம்தான். பழைய விலையை நாம் அழிப்பதில்லை. புதிய தேதியில் புதிய விலை போடுகிறோம். பழைய பில் பழைய விலையிலேயே நிற்கிறது. விலைக்குக் காட்டும் இந்தக் கவனத்தை ஆளுக்கும் லைனுக்கும் காட்ட வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு லைனுக்கு ஜூன் மாத டார்கெட் 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டார்கெட்டை எட்டினால் விற்பனையில் 1 சதவீதம் இன்சென்டிவ். ஜூன் 15 வரை பழையவர் போகிறார். 3,70,000 ரூபாய்க்கு விற்கிறார். 16ஆம் தேதி முதல் புதியவர் போகிறார். 2,70,000 ரூபாய்க்கு விற்கிறார். மொத்தம் 6,40,000.

தேதி போடாமல் பெயரை மட்டும் மாற்றியிருந்தால், 6,40,000 ரூபாயும் புதியவர் கணக்கில் வரும். அவருக்கு 6,400 ரூபாய் இன்சென்டிவ். பழையவருக்கு ஒன்றும் இல்லை.

தேதி போட்டு, டார்கெட்டையும் பாதிப் பாதியாகப் பிரித்திருந்தால், பழையவர் 3,00,000 டார்கெட்டுக்கு 3,70,000 செய்திருக்கிறார். அவருக்கு 3,700 ரூபாய். புதியவர் தன் 3,00,000 டார்கெட்டை எட்டவில்லை. அவருக்கு இன்சென்டிவ் இல்லை.

வெயிலில் அலைந்து விற்றவரின் 3,700 ரூபாய் காணாமல் போவதும், முதலாளி 2,700 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். பணத்தைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பழையவர் மனம் வெறுத்து அடுத்த தெரு ஏஜென்சிக்குப் போவது. அவரோடு அவருக்குப் பழக்கமான கடைகளும் போகும்.

புதியவருக்கும் நியாயம் வேண்டும். தெரியாத லைனில் இறங்கியவர் முதல் மாதமே டார்கெட்டை எட்டுவது கடினம். ஆகவே லைன் மாறும் மாதத்துக்கு மட்டும் குறைந்தபட்ச இன்சென்டிவ் என்று ஒரு தொகையை முன்னதாகவே பேசிவிடுவது நல்லது. டார்கெட்டைப் பிரிக்கும்போதும் காலண்டர் நாட்களை எண்ணாமல், லைன் போன நாட்களை எண்ணிப் பிரிப்பதே சரி.

எந்தத் தேதியைப் பிடிப்பது?

லைன் மாறிய தேதியைப் பதிந்தாலும் அடுத்த சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. ஜூன் 14 அன்று பழையவர் 48,000 ரூபாய்க்கு ஆர்டர் எடுக்கிறார். சரக்கு இல்லாததால் ஜூன் 17 அன்றுதான் பில் போடுகிறோம். ஜூலை 5 அன்று புதியவர் பணம் வசூலித்து வருகிறார். இது யாருடைய விற்பனை?

ஆர்டர் தேதியைப் பிடித்தால் பழையவருடையது. பில் தேதியைப் பிடித்தாலும் வசூல் தேதியைப் பிடித்தாலும் புதியவருடையது. மூன்றுக்கும் நியாயம் சொல்லலாம். எது சரி என்பதைவிட, ஒன்றைத் தேர்ந்து, எழுதி, எல்லோருக்கும் ஒன்றுபோல் நடத்துவதுதான் முக்கியம். விற்பனைக்கு ஆர்டர் தேதி, வசூல் ஊக்கத்தொகைக்கு வசூல் தேதி என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால், விற்றவருக்கும் குறை இல்லை, வசூலித்தவருக்கும் குறை இல்லை. இதற்காக ஒவ்வொரு பில்லிலும் 'ஆர்டர் எடுத்தவர்', 'வசூல் பொறுப்பாளர்' என்று தனித்தனி இடம் இருக்க வேண்டும். முன்னது பில் போட்டவுடன் உறைந்துவிட வேண்டும். பின்னது லைனோடு மாறலாம்.

திரும்பி வரும் சரக்குக்கும் இதே வழிதான். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது நாம் எல்லோரும் இதை அனுபவத்தில் கண்டோம். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. 21ஆம் தேதி பில்லுக்கு ஒரு வரி, 22ஆம் தேதி பில்லுக்கு வேறு வரி. ஆனால் முன்பு விற்ற சரக்கு பின்னர் திரும்பி வந்தால், மூல பில்லில் இருந்த பழைய விகிதத்திலேயே கிரெடிட் நோட் போட்டோம். வரிக்கு மூல பில்தான் ஆதாரம் என்றால், இன்சென்டிவுக்கும் அதுவே ஆதாரமாக இருக்கட்டும். பழையவர் விற்ற சரக்கு திரும்பி வந்தால் அது பழையவர் கணக்கில்தான் கழிய வேண்டும். புதியவர் தலையில் கட்டுவது தர்மம் அல்ல.

அமலான தேதியும் பதிந்த தேதியும்

இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். ஜூன் 1 முதல் லைன் மாறிவிட்டது; ஆனால் அலுவலகத்தில் ஜூன் 9 அன்றுதான் பதிந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 5 அன்று எடுத்த அறிக்கையில் பழையவர் பெயர் இருக்கும். ஜூன் 10 அன்று அதே நாட்களுக்கு அறிக்கை எடுத்தால் புதியவர் பெயர் இருக்கும். இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு, யாரோ கணக்கை மாற்றிவிட்டார்கள் என்று இருவரும் சண்டை போடுவார்கள்.

அமலான தேதி ஜூன் 1, பதிந்த தேதி ஜூன் 9, பதிந்தவர் இன்னார் என்று மூன்று விவரமும் இருந்தால் சண்டைக்கு இடமே இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், கணக்கில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு காட்டும் மென்பொருளையே கணக்குக்குப் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. தனியுரிமைக் கடைகளுக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் அந்த விதி இல்லை. ஆனாலும் அதன் நோக்கம் நமக்கும் பொருந்தும்.

மாவட்டம் பிரிந்தபோது

ஆள் மாறுவது போலவே சில சமயம் இடமே மாறிவிடும். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் தனி மாவட்டங்களாகச் செயல்படத் தொடங்கின. 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 38 மாவட்டம் என்ற கணக்கு அப்படித்தான் வந்தது.

மாவட்டவாரியாக விற்பனையை ஒப்பிடும் விநியோகஸ்தர்கள் அந்த நேரத்தில் கவனமாக இருந்திருக்க வேண்டும். 2018இல் திருநெல்வேலி விற்பனையில் சங்கரன்கோவிலும் செங்கோட்டையும் அடக்கம். 2020இல் அவை தென்காசியில். தேதி பார்க்காமல் இரண்டு ஆண்டையும் பக்கத்தில் வைத்தால், திருநெல்வேலியில் வியாபாரம் விழுந்துவிட்டதாகத் தோன்றும். தென்காசி ஆகாயத்திலிருந்து குதித்ததாகத் தோன்றும். உண்மையில் ஒரு கடைகூட இடம் பெயரவில்லை.

இதைத் தவிர்க்க, லைனுக்கு மாவட்டப் பெயரை அடிப்படையாக வைக்காமல், ஊரையோ பின்கோடையோ வைப்பது நல்லது. பின்கோடு அஞ்சல் துறையின் பிரிப்பு. வருவாய்த் துறை மாவட்டத்தைப் பிரித்தால் அது தானாக மாறுவதில்லை. தென்காசி தனி மாவட்டமான பிறகும் அதன் பின்கோடு 627 என்றே தொடங்குகிறது. ஊர், பின்கோடு நிரந்தரமாக இருக்கட்டும்; எந்த மாவட்டம் என்பதைத் தேதியோடு தனியாகப் பதியுங்கள். வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்புவோர் இதை நன்கு அறிவர். 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிந்ததன் விளைவாக, ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களில் தெலங்கானாவுக்கு 36, இன்றைய ஆந்திராவுக்கு 37 என்று தனித்தனியாக இருக்கின்றன.

கடைக்காரருக்குத் தெரிந்த தேதி

சில்லறைக் கடை நண்பர்கள் இந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும். மென்பொருளில் 16ஆம் தேதி என்று போட்டுவிட்டோம். 17ஆம் தேதி பழைய சேல்ஸ்மேன் வழக்கம்போல் கடைக்கு வந்து பாக்கியை வாங்கிப் போய்விடுகிறார். மறுநாள் புதியவர் போய்க் கேட்டால், "அண்ணாச்சி, நேற்றே உங்க ஆளிடம் கொடுத்தாச்சே" என்கிறார் கடைக்காரர். இப்போது யார் பொறுப்பு?

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவு, முகவரின் அதிகாரம் முடிந்தது என்பது மூன்றாம் நபரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியவந்த பிறகே செல்லும் என்கிறது. அதாவது நம் சார்பில் பணம் வாங்க ஒருவரை அனுப்பிப் பழக்கிவிட்டு, அவரை மாற்றியதைக் கடைக்காரருக்குச் சொல்லாமல் இருந்தால், சொல்லாத குறை நம்மைத்தான் சுடும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த தேதி நம் கணக்குக்கு உதவும். கடைக்காரருக்குத் தெரிந்த தேதிதான் வழக்குக்கு உதவும்.

ஆகவே லைன் மாறும் முன் கடைசிச் சுற்றில் பழையவரும் புதியவரும் சேர்ந்தே லைன் போக வேண்டும். ஒவ்வொரு கடையிலும் பாக்கிப் பட்டியலைக் காட்டி, கடைக்காரரின் கையெழுத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் வாங்க வேண்டும். கூடவே 'இன்ன தேதி முதல் இன்னார் வருவார், அவரிடம் மட்டும் பணம் கொடுத்து ரசீது பெறவும்' என்று துண்டுச் சீட்டு ஒன்று, அல்லது வாட்ஸ்அப் செய்தி ஒன்று. கடைக்காரர்களும் ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்கலாகாது. எத்தனை வருஷப் பழக்கமானாலும் சரி.

கம்பெனி ஏரியாவைப் பிரித்தால்

நம் சேல்ஸ்மேனுக்கு நாம் செய்வதை, நமக்குக் கம்பெனி செய்யும்போதுதான் வலி தெரிகிறது. பல வருஷம் உழைத்து வளர்த்த ஏரியாவில் பாதியை எடுத்து இன்னொரு விநியோகஸ்தருக்குக் கொடுக்கிறார்கள். பிரதிநிதி வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு காலைப் பொழுதில் நம் செயலியைத் திறந்தால் முந்நூறு கடைகளைக் காணோம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 206ஆம் பிரிவு, முகவர் அதிகாரத்தை ரத்து செய்ய நியாயமான முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. ஆனால் சொந்தப் பணத்தில் வாங்கி விற்கும் விநியோகஸ்தர் சட்டப்படி முகவர் ஆவாரா என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பியிராமல், ஒப்பந்தத்திலேயே அறிவிப்புக் காலத்தை எழுதி வாங்குவது புத்திசாலித்தனம். ஏரியா பிரியும்போது கம்பெனியிடமிருந்து கடிதமாகப் பெற வேண்டியவை இவை: எந்தத் தேதி முதல், எந்தெந்த ஊர், எந்தெந்தப் பின்கோடு, கையிருப்புச் சரக்கு யார் பொறுப்பு, மார்க்கெட்டில் நிற்கும் பாக்கியை வசூலிக்க எத்தனை நாள், அந்தத் தேதிக்கு முந்தைய ஸ்கீம் கிளைம், டேமேஜ், காலாவதிச் சரக்கு எப்போது பைசல், டார்கெட் எவ்வளவு குறையும். கடைசியானதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஏரியா பாதியாகும், டார்கெட் மட்டும் முழுதாக நிற்கும்.

நடைமுறைக்குச் சில விதிகள்

1. பழைய வரியை ஒருபோதும் அழிக்காதீர்கள். முடிவுத் தேதி போட்டு மூடுங்கள்; புதிய வரி திறங்கள்.

2. பழையவரின் கடைசி நாள் 15 என்றால் புதியவரின் முதல் நாள் 16. இருவருக்கும் 15 என்று போட்டால் ஒரு நாள் விற்பனை இரண்டு பேர் கணக்கில் வரும். 17 என்று போட்டால் ஒரு நாள் விற்பனை அநாதையாக நிற்கும்.

3. இப்போது நடப்பில் உள்ள வரிக்கு முடிவுத் தேதி வெறுமையாக இருக்கட்டும். ஒரு கடைக்கு, ஒரு கம்பெனிச் சரக்குக்கு, முடிவுத் தேதி இல்லாத வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை இதைச் சரிபார்த்தாலே பாதித் தவறுகள் பிடிபடும்.

4. மாற்றத்தை மாத முதல் தேதியில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி, பொங்கல் நெருக்கத்திலும், ஸ்கீம் நடுவிலும் மாற்றாதீர்கள்.

5. வரப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே பதியுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் போன்றவற்றில் புதிய பிரிப்பைத் திட்ட நிலையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு நடப்புக்குக் கொண்டுவரலாம். ஒரு நேரத்தில் ஒரு பிரிப்புதான் நடப்பில் இருக்கும். உங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால், ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

6. இன்சென்டிவ் பட்டுவாடா ஆன மாதத்தைப் பூட்டிவிடுங்கள். பிறகு தவறு தெரிந்தால் பழைய மாதத்தைத் திருத்தாமல், அடுத்த மாதத்தில் தனி வரியாகச் சரிசெய்யுங்கள்.

7. பழைய விவரங்களைப் பத்திரமாக வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். லைன் விவரமும் அதோடு சேர்ந்தே இருக்கட்டும்.

8. மென்பொருள் வாங்கும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியைச் சொல்கிறேன், அன்று இந்தக் கடை யாருடைய லைன் என்று காட்ட முடியுமா?" காட்டினால் வாங்கலாம். மழுப்பினால் யோசியுங்கள்.

வணிகப் பெருமக்களே! கணக்கில் தேதி போடாமல் ஒரு வரவையோ செலவையோ நம் முன்னோர் எழுதியதில்லை. ஆளை மாற்றுவதும் ஏரியாவை மாற்றுவதும் வரவு செலவைப் போன்றதே. அதிலும் ஒருவருக்குப் பற்று, ஒருவருக்கு வரவு உண்டு. அதற்கும் தேதி போட்டு எழுதப் பழகுவோம். இந்த மாதக் கடைசியில் லைன் மாற்ற நினைத்திருப்பவர்கள், பாக்கிப் பட்டியலை இன்றே எடுத்துக் கடைக்காரரின் கையெழுத்துக்கு அனுப்பட்டும். அடுத்த மாதம் முதல் தேதி அன்று எந்தச் சச்சரவும் இல்லாமல் லைன் ஓடும்.